சஷ்டிக் கிழமையில் ஒரு மான்

சப்பாத்து வாங்கப் போன இடத்தில்தான் அந்த எண்ணம் வந்தது. ரொறன்ரோவில் வந்து இறங்கி இரண்டாம் நாள். வவுனியாவிலிருந்து நான் போட்டுக்கொண்டு போன துணிச் சப்பாத்தைப் பார்த்த சுதன் அண்ணை, "உதோடை வெளியிலை திரிஞ்சா கால்விரல் பத்தையும் திருப்பிக் கொண்டுபோக மாட்டாய்" என்று சொல்லி, விட்பியில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார். கூடாரம், தூண்டில், துடுப்பு, கம்பளிக் காலுறை என்று வெளியில் திரிகிறவர்களுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது. ஒரு காலில் புதுச் சப்பாத்தும் மறுகாலில் வெறும் காலுறையுமாக நான் நிமிர்ந்தபோது, எதிரே கண்ணாடி அலுமாரிக்குள் துவக்குகள் விலைச்சீட்டோடு வரிசையாக நின்றன.

அவற்றின் முன்னால் ஒரு பெண். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல். ஓர் அட்டையைக் காட்டி ஒரு பெட்டி தோட்டா வாங்கினாள். பிறகு கேத்தலுக்கு உத்தரவாதம் எத்தனை வருடம் என்று விற்பனையாளரிடம் விசாரித்தாள். தோட்டாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

எனக்கு இருபத்தாறு வயது. சீருடை போடாத ஒருவரின் கையில் துவக்கைப் பகிரங்கமாகக் கண்டது மிகக் குறைவு. வவுனியாவில் ஒரு விவசாயிகள் சங்கத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களுக்குப் பன்றித் தொல்லை தீராதது. அங்கே இரண்டு வகைத் துவக்குகள் உண்டு. ஒன்று, அலைந்து திரிந்து லைசென்ஸ் எடுத்த, 'பன்னிரண்டு போர்' என்கிற நீளக்குழல் துவக்கு. மற்றது, யாருமே வைத்திருப்பதாக ஒத்துக்கொள்ளாத கட்டுத்துவக்கு. வரம்போரம் கம்பி இழுத்து மறைத்து வைப்பார்கள். பன்றி தட்டினாலும் வெடிக்கும், பக்கத்து வயல்காரர் தட்டினாலும் வெடிக்கும். கேத்தலோடு தோட்டா வாங்குகிற ஊரில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருமுறை கூடவே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று, அந்த ஒற்றைச் சப்பாத்தோடு நின்றபடியே முடிவு செய்தேன்.

அண்ணையிடம் சொன்னேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்னட்டையும் ஒண்டு கிடக்கு. வீட்டிலை உதைப்பற்றிக் கதைக்காதை."

சுதன் அண்ணை என் பெரியப்பாவின் மகன். வீடுகளுக்குச் சூடேற்றும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. அவருடைய வான் வண்டியில் சூடேற்றி வேலை செய்வதில்லை என்பது அடுத்த மூன்று கிழமையும் என் முழங்கால்கள் அறிந்த உண்மை. ஒஷாவாவில் எனக்கு விதை சேமிப்பு பற்றிய ஒரு பயிற்சி, மூன்று கிழமை. தங்கியது விட்பியில் அவர் வீட்டில். அவருடைய மனைவி வாணி மச்சாள் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிறார். ஐந்து வயதில் ஒரு மகள். புதுக் குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே அச்சு என்பதால் முதல் நாள் மாலை நான் அடுத்த வீட்டு மணியை அடித்து, கதவைத் திறந்த பஞ்சாபி அம்மாவிடம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு கூத்து. ஒஷாவாவிலிருந்து விட்பிக்கு ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். அந்த ஒரு நிறுத்தத்துக்குள் நித்திரை ஆகிவிட்டேன். கண் விழித்தபோது ஸ்காபரோ. எதிர்ப்பக்க ரயிலுக்காகக் காற்றில் நின்று, திரும்பி வந்து சேர ஒன்றரை மணித்தியாலம். நிலையத்தில் வாணி மச்சாள் காரோடு காத்திருந்தார். தன் பையிலிருந்த கடலைவடையை என் கையில் திணித்துவிட்டு, காரைக் கிளப்பாமல் கேட்டார்: "அண்ணை துவக்கைப்பற்றிச் சொன்னவரே?"

பொய் சொல்ல வாய் நிறைய வடை. தலையாட்டினேன்.

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். இந்த நாட்டில் துவக்குக்கு லைசென்ஸ் கேட்கும் படிவத்தில் மனைவியோ கணவனோ கையெழுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது. வைக்காவிட்டால் மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அதிகாரிகளே கூப்பிட்டு, வீட்டில் பிரச்சினை ஏதும் உண்டா என்று கேட்பார்கள். அந்தப் படிவம் நான்கு மாதம் பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கியதாம். பால் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அது ஆடுமாம்.

"நான் கையெழுத்து வைச்சது துவக்குக்காண்டி இல்லை மது. மனுசன் நாலு மாசம் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சார், அதுக்காண்டி."

மச்சாள் ஒன்பது வயதுவரை கிளிநொச்சியில் இருந்தவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அன்றும் ஒரே வரிதான். "துவக்கு எண்டா எனக்கு ஆக்கள்தான் ஞாபகத்துக்கு வருவினம். மான் வராது."

ஒரு நிபந்தனையோடுதான் வைத்திருக்கிறார். முதல் சீசன் முடியட்டும். முடிந்த பிறகு, அது வீட்டில் இருப்பதா போவதா என்று அவர் சொல்வார். போகட்டும் என்றால் அண்ணை மறுபேச்சில்லாமல் விற்றுவிட வேண்டும். அண்ணை சரி என்று மகளின் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட வேட்டையில் வெடிக்காத அந்தத் துவக்கு, இந்த நவம்பரில் ஒரு கிழமைக்குள் வாழ்வதா போவதா என்பதுதான் நிலைமை.

அந்த வார இறுதியில் அண்ணை என்னைக் கராஜுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் ஊரில் யாராவது லைசென்ஸ் எடுக்க நினைத்தால் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கவும். துவக்கைக் கட்டிலுக்குக் கீழே வைப்பது, கூரை இடுக்கில் செருகுவது எல்லாம் இங்கே நடக்காது. சுவரோடு ஆணியடித்த இரும்பு அலுமாரி. துவக்கின் விசையில் தனிப் பூட்டு. தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். திறப்பு அவருடைய சாவிக் கோர்வையில், அது எப்போதும் அவருடைய இடுப்பில். சட்டம் கேட்பது இதைவிடக் கொஞ்சம் குறைவுதானாம். மிச்சம் வாணியின்ரை சட்டம் என்றார்.

சனிக்கிழமை சுடுதளம். லைசென்ஸ் இல்லாத நான் துவக்கைத் தொடலாமா என்று கேட்டேன். லைசென்ஸ் உள்ளவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டால் தொடலாம். அப்படி நின்றவர் அண்ணையின் வேட்டைக் கூட்டாளி பாறூக் நானா. மன்னார் முஸ்லிம் (அவர்கள் அண்ணனை நானா என்பார்கள்), ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் கார் திருத்துகிறவர், ஏழு வருடமாக வேட்டைக்குப் போகிறவர். என் தோளில் துவக்கின் அடிக்கட்டையை இறுக்கி வைத்து, "இடைவெளி விட்டா அது உன்னை அடிக்கும் தங்கச்சி, ஒட்டிப் பிடிச்சா தள்ளும், அவ்வளவுதான்" என்றார். ஆகாயத்தில் எறிந்த களிமண் தட்டுகளில் நான் சுட்டது பத்துக்கு ஒன்று பட்டது. அந்த ஒன்றும் ஏற்கனவே வெடிப்புள்ள தட்டு என்று அண்ணை இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு வியப்பாக இருந்தது சத்தம் இல்லை. அமைதி. ஒருவர் தட்டைப் பொறுக்க முன்னால் போகவேண்டும் என்றால் எல்லோரும் துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. பக்கத்துத் தடத்தில் ஒரு கிழவர் தன் நண்பரிடம், மருமகள் செய்த பூசணிக் கேக் பற்றி மிகக் கடுமையாக முறையிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் கிழமை செவ்வாய்க்கிழமை காலை. தேநீர் ஊற்றச் சமையலறைக்குப் போனேன். அடுப்படி பளபளவென்று இருந்தது. சட்டிகள் கவிழ்த்துக் கிடந்தன. முதல் நாள் இரவு மூன்று வகை இறைச்சிக் கறி மேசைக்கு வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. உறைபெட்டியைக் காலி பண்ணியிருக்கிறார்கள். சுவரில் தமிழ்ப் பலசரக்குக் கடைக் கலண்டர். அதில் அன்றைய கட்டத்தில் சிவப்பு எழுத்து: கந்தசஷ்டி விரத ஆரம்பம். ஞாயிறு சூரன்போர். திங்கள் காலை பாறணை, விரதம் முடிக்கிற சாப்பாடு.

மான் சுட அனுமதிக்கும் சீட்டும் அதே கிழமைக்குத்தான், போக நினைத்திருந்தது சனிக்கிழமை.

அண்ணை வந்து கலண்டரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி கலண்டரைப் பார்த்தார். மான் சீட்டுக்குக் குலுக்கல் கோடையிலேயே நடந்துவிடும். விழுந்த கிழமை விழுந்ததுதான், மாற்ற முடியாது. கோடையில் இருந்து ஒரு மனிதன் இந்தக் கிழமையை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு நாள் மீன், இறைச்சி என்று மச்சக்கறி வாசமே இல்லாத வீடு அதே கிழமையில் வரும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. இரண்டும் அவருடைய தலைக்குள் இரண்டு தனித்தனிக் கலண்டர்களில் இருந்திருக்கின்றன. "சூரன்போருக்கு லீவு கேட்டிருக்கிறன் மது. இதுக்கும் லீவு கேட்டிருக்கிறன். ரெண்டு லீவும் அடுத்தடுத்த நாள். அப்பவும் தெரியேல்லை" என்றார்.

ஒளிக்காமல் அன்று மாலையே மச்சாளிடம் சொன்னார். அதற்கு நான் அவரை மதிக்கிறேன். மச்சாள் அப்போது பாலும் வாழைப்பழமுமாக உட்கார்ந்திருந்தார். எங்களுக்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. பசியோடு இருக்கிற ஆளிடம் இதைச் சொல்ல நல்ல நேரம் இல்லைதான். போங்கோ, உங்கடை சீட்டு என்றார். ஆனால் செத்தது எதுவும் திங்கட்கிழமை வரைக்கும் இந்த வாசல் தாண்டக்கூடாது. கராஜும் வாசல்தானா என்று அண்ணை கேட்டார். மச்சாள் பழத்தோலை மடித்தார். பிறகு, "சீசன் முடியச் சொல்லுறன் எண்டனான்தானே. சனிக்கிழமையோடை சீசன் முடியுது" என்றார். அண்ணை அதற்குப் பிறகு சோற்றில் கைவைக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் வெக்ஸ்போர்ட்டில் பாறூக் நானாவின் கராஜ். இறைச்சிக் கொத்துரொட்டி வாங்கித் தந்தார். அண்ணை, வீட்டு விரதம் தனக்கில்லை என்று முழுத் தட்டையும் முடித்தார். அங்கேதான் தோட்டா மறுபடி நிரப்புவதைப் பார்த்தேன். களிமண் தட்டுச் சுடுகிறவர்கள் காலிக் குழாய்களைப் பொறுக்கி வந்து, புது வெடிமருந்தும் ஈயச் சன்னமும் வைத்து, கைநெம்பு இயந்திரத்தில் மூடி எடுக்கிறார்கள். மலிவு என்று தொடங்கினேன், இப்போது மலிவும் இல்லை, விடவும் முடியவில்லை என்றார் நானா.

அளவு, கலவை எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கட்டுரையில் படித்துச் செய்யக்கூடாது என்பதே அவர் எனக்குச் சொன்ன முதல் விஷயம். மருந்துக் கம்பெனி அச்சடித்த கையேட்டில் இருப்பதுதான் அளவு. கூட்டாளி சொன்னது, இணையத்தில் எவரோ போட்டது எல்லாம் குப்பை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல் மட்டும். போன் வேறு அறையில். யாராவது வந்து கதை கொடுத்தால் வேலையை நிறுத்தி, பாதியில் நின்ற தோட்டாவைத் தூர வைத்துவிட வேண்டும். நான் கேள்வி கேட்கும் வேகத்தில் அன்று ஆறு தோட்டா தூரப் போனது. கண்ணாடி போட வேண்டும், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் தின்னக்கூடாது. சந்தேகமாக ஒன்று வந்தால் அதைச் சுட்டுப் பார்ப்பது வீரம் இல்லை, பிரித்துப்போட வேண்டும். மானுக்கு அவர் சொந்தத் தோட்டா பாவிப்பதில்லை. கடையில் வாங்கிய ஒற்றைக் குண்டுத் தோட்டா. ஓர் உயிரை அரைகுறையாகக் காயப்படுத்திவிட்டு என் கைப்பிழை என்று சொல்ல ஏலாது என்றார்.

சஷ்டிச் சிக்கலைச் சொன்னோம். நானா சிரித்துவிட்டு வழி சொன்னார். ஒரே கூட்டமாகப் போகிறவர்களில் யார் சுட்டாலும் மற்றவரின் சீட்டில் கணக்கு வைக்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே மான் வந்தால் தான் சுடுவதாகவும், இறைச்சி தன் வீட்டுக்குப் போகட்டும் என்றும் சொன்னார். அப்படியென்றால் அண்ணையே சுட்டு உங்கள் வீட்டில் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"பிஸ்மில்லா சொல்லி நான் விசையை இழுத்தா எங்கடை வீட்டுச் சட்டிக்குள்ளை போகும் தங்கச்சி. சுதன் முருகா எண்டு இழுத்தா, என்ரை மனுசி சட்டியையும் என்னையும் சேர்த்து வெளியிலை போடுவா."

சரி, நானாதான் சுடுவது என்று முடிவானது.

சனிக்கிழமை விடிய முன்னர் புறப்பட்டோம். ஒஷாவாவுக்கு வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். நானா என் மேலங்கியை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். மச்சாளிடம் இரவல் வாங்கியது, வீட்டு வாசல் அலுமாரியில் தொங்கியது. "கறிவேப்பிலை, வெங்காயம், கொஞ்சம் பெருஞ்சீரகம்" என்று சரியாகச் சொன்னார். அவர்கள் இருவரும் வேட்டை உடுப்பை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் காய்ந்த இலையோடு கராஜில் வைத்திருக்கிறார்கள். ரொறன்ரோவில் நம்மாட்கள் வேட்டைக்குப் போவதென்றால் முதலில் வாங்க வேண்டியது துவக்கில்லை, அந்தப் பெட்டிதான். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் கடைசியில் நான் உட்கார வேண்டும் என்று தீர்ப்பானது.

மண் ரோட்டில் ஒரு வாகனம் விளக்கை மினுக்கி எங்களை மறித்தது. வனத்துறை அதிகாரி, இளம் பெண். என் கை தானாகவே கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. அண்ணையைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலே, விரல் விரித்தபடி இருந்தன. இருபது வருடம் இந்த நாட்டில் இருந்த கைகள். அவள் லைசென்ஸும் சீட்டும் பார்த்தாள். சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் இருக்கும்வரை துவக்கு உறைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உறையைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு மூடினாள். வானுக்குள் ஏன் இவ்வளவு குளிர் என்று கேட்டாள். நான் சூடேற்றி திருத்துகிறவன் என்று அண்ணை சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, பாதுகாப்பாகப் போய் வாருங்கள் என்றாள். ரோட்டில் துவக்கோடு நிறுத்தப்பட்டு, சிரித்துக்கொண்டு புறப்பட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

காணி மார்ஜரி என்கிற ஓர் அம்மாவுடையது. சோளமும் மாடுகளும். எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார். அதைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். கம்பிவேலி தாண்டும்போது துவக்கை வெறுமையாக்கி, முதலில் அதைக் கடத்திவிட்டு, பிறகு ஆள் தாண்ட வேண்டும். வேலி மூன்று, மூன்று தடவையும் செய்தார்கள். கண்ணைக் குத்தும் செம்மஞ்சள் தொப்பியும் மேற்சட்டையும் எனக்கும் உண்டு. மானுக்கு அந்த நிறம் பெரிதாகத் தெரியாதாம், மனிதருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

நானா சோளக்காட்டின் கீழ்க் கோடியில் இருந்தார். மான் வருவது அந்தப் பக்கம்தான். நானும் அண்ணையும் இருநூறு யார்டு தள்ளி, ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால். வேட்டை என்பது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. அண்ணை சட்டைப்பையிலிருந்து நானா வீட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் இரண்டை எடுத்து, ஒன்றை எனக்குத் தந்து, தன் விரதம் விட்பி எல்லையோடு முடிந்தது என்று வாயசைத்துச் சொன்னார்.

மான் எங்கள் பக்கம் வந்தது.

கிழட்டு மேப்பிள் மரங்களுக்கு இடையில் முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு கழுத்து. கொம்புள்ள ஆண். நாற்பது யார்டு தூரம் இருக்கும். அதற்குப் பின்னால் மண்மேடு, வீடோ ரோட்டோ இல்லை. அண்ணை கீழ்க் கோடியைப் பார்த்தார். நானாவின் செம்மஞ்சள் தொப்பி அசையாமல் இருந்தது. அவருக்கு இது தெரியவே தெரியாது. அண்ணை என்னைப் பார்த்தார். கோடையிலிருந்து காத்திருந்தவர் அவர். துவக்கு தோளுக்கு ஏறியது, மான் பக்கவாட்டில் திரும்பியது, வெடித்தது.

அது பாய்ந்து ஓடியது. நான் எழும்பினேன். அண்ணை என் கையைப் பிடித்து இருத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். உடனே துரத்தினால் காயத்தோடு தூரம் போகும், விட்டால் கிட்டத்தில் படுக்கும். அரை மணித்தியாலம். அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட அறுபது அடியில் அது கிடந்தது. சீட்டில் நாளையும் நேரத்தையும் வெட்டிக் குறித்தார். கத்தி எடுக்கும் முன்னர் செய்ய வேண்டிய வேலை அது. பிறகு கையுறை, கத்தி. குடலை எடுத்துச் சீக்கிரம் குளிரவிட வேண்டும் என்பதில் குளிர் எங்களுக்கு உதவி செய்தது. சட்டையில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தோம்.

நானா வந்து பார்த்தார். "நல்ல வெடி" என்றார். அதற்குப் பிறகுதான் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணையின் வீட்டு வாசலுக்குள் திங்கள்வரை போக முடியாத மான். நானாவின் சட்டிக்குள் ஒருநாளும் போக முடியாத மான். வேட்டை இறைச்சி வெட்டித் தரும் கசாப்புக் கடைக்கு நானா போன் பண்ணினார். மான் கிழமை, இடமில்லை, புதன்கிழமை வாருங்கள் என்றார்கள்.

கடைசியில் மார்ஜரியிடம் போனோம். அண்ணை ஆங்கிலத்தில் முருகனையும் சூரனையும் விளக்கத் தொடங்கி, மாமரம் வரை வந்தபோது அந்த அம்மா கையை உயர்த்தினார். தன் தாய் வீட்டில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி அடுப்பேறாது, இதற்கு இவ்வளவு கதை வேண்டாம், டிராக்டர்க் கொட்டிலில் தலைகீழாகக் கொழுவிவிட்டுப் போங்கள் என்றார். திங்கட்கிழமை ஒரு தொடை தனக்கு. எல்லோருக்கும் சூப் தந்தார். நானா அதில் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பாண் மட்டும் தின்றார்.

திரும்பும் வழியில் அண்ணை நேரே ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். துவக்கு போய்விட்டது என்று அவர் தீர்மானித்துவிட்டார் என்பது தெரிந்தது. நானாதான் சுடுவது என்று சொல்லிவிட்டுப் போனவர். விரத நாளில், வீட்டில் மனைவி பட்டினியாக இருக்கும்போது, தன் கையால். விட்பி வந்ததும் நானா தன் காரில் ஏறும்போது அவர் தோளைத் தட்டினார்.

அண்ணை கொட்டிலிலேயே உடுப்பு மாற்றிக் கைகால் கழுவியிருந்தார். கராஜில் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் உள்ளே வந்தார். கோவிலிலிருந்து வந்து நேரம் ஆகவில்லை, நெற்றியில் திருநீறு. அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். யார் சுட்டது என்பதையும். மச்சாள் அது ஓடியதா என்று மட்டும் கேட்டார். அறுபது அடி என்றார் அண்ணை.

பிறகு மச்சாள் துவக்கைக் காட்டி, "உது இப்ப வெறுமையோ?" என்றார்.

"ஓம், வெறுமை."

"எப்பிடித் தெரியும்?"

அண்ணை விசைக்கு மேலே திறந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மச்சாள் குனிந்து பார்த்தார். முதல் தடவையாக அவ்வளவு கிட்டத்தில்.

"எனக்கு ஒரு ஓட்டைதான் தெரியுது. உள்ளுக்கை ஒண்டு இருந்தா எப்பிடித் தெரியும் எண்டு எனக்குத் தெரியாதே. நீங்கள் மான் பாக்கப் போறது வருசத்திலை ஒரு கிழமை. மிச்ச நாள் முழுக்க நீங்கள் வேலைக்குப் போயிடுவியள், உதோடை வீட்டிலை இருக்கிறது நானும் பிள்ளையும்."

அண்ணை, இப்பவே காட்டித் தருகிறேன் என்று தொடங்கினார்.

"வேண்டாம். நீங்கள் சொல்லித் தந்தா நீங்கள் சொல்லுறதை நம்பத்தான் வேணும். நான் நம்புறதுக்குக் கேக்கேல்லை. எனக்குத் தெரியோணும். நீங்கள் லைசென்ஸ் எடுக்க முந்திப் போன அந்தப் பாதுகாப்பு வகுப்பு எங்கை நடக்குது?"

அண்ணை இடத்தைச் சொன்னார். லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பதில்லை, வகுப்பில் இருந்து சோதனை எழுதலாம் என்றும் சொன்னார். மச்சாள் அங்கேயே போனை எடுத்தார். அடுத்த சனிக்கிழமை ஸ்காபரோவில் இடம் இருந்தது.

"அதை முடிச்சுப்போட்டுச் சொல்லுறன், இருக்கட்டுமோ போகட்டுமோ எண்டு. அதுவரைக்கும் திறப்பை என்னட்டைத் தாங்கோ."

அண்ணை கோர்வையிலிருந்து திறப்பைக் கழற்றினார். அது லேசில் வரவில்லை, நகத்தை உடைத்துக்கொண்டார். துவக்கைப் பூட்டிவிட்டு மச்சாளின் கையில் வைத்தார். லைசென்ஸ் இல்லாத ஆளிடம் திறப்பு இருக்கலாமா என்று நான் வாயைத் திறந்தேன். ஆமாம், சட்டப்படி சரியில்லை என்று அண்ணையே சொன்னார். மச்சாள் ஒரு கணம் யோசித்துவிட்டு, திறப்பைத் திருப்பிக் கொடுத்து, துவக்கையும் தோட்டாப் பெட்டியையும் நானா வீட்டில் பூட்டி வைக்க ஏலுமா என்று கேட்டார். அலுமாரி, துவக்கு, எல்லாமே நானா வீட்டுக்குப் போவது என்று முடிவானது. ஞாயிறு காலை நானே கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். சூரன்போருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

திங்கட்கிழமை பாறணை முடிந்து மான் வந்தது. வாசல் தாண்டியது. மச்சாள் மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினார். ஆட்டிறைச்சியைவிடக் கொழுப்புக் குறைவு, ஆகவே எண்ணெய் கூட வேண்டும், நீண்ட நேரம் அடுப்பில் விட்டால் தோலாகிவிடும். இரண்டாம் சட்டிதான் சரிவந்தது.

நானும் வகுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டேன். பயணிகளும் இருக்கலாமாம். ஞாயிறு எனக்கு விமானம், சனிக்கிழமை முழுக்க வகுப்பு. வவுனியாவில் என் ஆட்களுக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும். வகுப்புப் புத்தகத்தை மச்சாள் வேலையிடத்தில் அச்செடுத்து வந்து, பல் வைத்தியர் கொடுத்த மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வாசிக்கிறார். ரயிலில் இருந்து நான் பாடத்தில் கேள்வி கேட்க, அவர் வாகனம் ஓட்டியபடி பதில் சொல்கிறார், போனில். செய்முறைச் சோதனையில் மேசைமேல் ஒரு துவக்கை வைப்பார்களாம். உள்ளே போலித் தோட்டா இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கையில் எடுத்து, குழாயை யார் பக்கமும் திருப்பாமல், திறந்து, பார்த்து, வெறுமையா இல்லையா என்று சொல்ல வேண்டும். வகுப்பில் முதலாவதாக எழும்பிப் போகப்போவது தான்தான் என்று மச்சாள் சொல்லிவிட்டார்.